மலையகத்தில் பெரிய ஒப்பனைச் சேகரிப்பு: கெடாமல் வைத்து, ஆசைதீரப் பயன்படுத்தி, பிறருக்கும் காட்ட ஒரு வழிகாட்டி

ஒப்பனைப் பொருட்களைப் பாதுகாப்பது பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெப்பமான ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. "வெயில் படாமல், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. இங்கே லிப்ஸ்டிக்கையும் பிரஷ்ஷையும் கெடுப்பது ஈரம். மழை பிடித்தால் நாட்கணக்கில் விடாத ஊரில், பூட்டிய அலுமாரிக்குள் ஐஷேடோத் தட்டின் மேல் பூஞ்சணம் சத்தமில்லாமல் படர்ந்துவிடும். பல மழைக்காலங்களை இதனோடு மல்லுக்கட்டியே கழித்தவள் நான். எனக்கு யாரும் சொல்லித்தராதவற்றை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருப்பவர்கள், கொழும்பில் வேலை பார்த்துவிட்டுப் பெட்டியோடு ஊர் திரும்பியவர்கள், குவைத்திலோ சவூதியிலோ இருக்கும் அம்மாவும் சித்தியும் அனுப்பி அனுப்பி அலுமாரி நிறைந்து போனவர்கள், எல்லோருக்கும் இது உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கல்யாணம் காட்சி வரும்போது போட்டுக்கொள்ளலாம்" என்று பூட்டி வைத்த சேகரிப்பு இந்த மலையில் நிலைக்காது. அடிக்கடி காற்றுப் பட வேண்டும், கை பட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. நாள் பார்த்துத் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, பிரிக்க வேண்டும். அதற்கு வறண்ட காற்று வேண்டும். மலையகம் முழுவதற்கும் ஒரே மாதம் பொருந்தாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை வந்து போகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும். தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது. திம்புள்ளத் தேயிலைக்கு மணம் கூடும் பருவமும் ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் பருவமும் இவையேதான். தொழிற்சாலையில் நல்ல தேயிலை வரும் மாதத்தில் உங்கள் பெட்டிகளையும் திறந்துவிடுங்கள்.

காலை எட்டு, எட்டரைக்கு ஆரம்பித்து, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்குள் மூடிவிட வேண்டும். இருநூறு பொருட்கள் இருந்தால் ஒரு காலை போதாது, இரண்டு காலைகள் ஒதுக்குங்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மதியத்துக்குப் பிறகு இடி மழை வழக்கம் என்பதால் அந்த நாட்களில் இன்னும் முந்தி முடிப்பது நல்லது.

2. நிறத்தின்படி பிரிக்காதீர்கள், ஈரத்தின்படி பிரியுங்கள்

வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து மூன்று குவியல் போடுங்கள். நீர் கலந்தவை: மஸ்காரா, திரவ ஐலைனர், ஃபவுண்டேஷன், கன்சீலர், கிரீம். எண்ணெயும் மெழுகும் சேர்ந்தவை: லிப்ஸ்டிக், லிப் பாம், கண்மைக் குச்சி. உலர்ந்தவை: பவுடர், ப்ளஷ், ஐஷேடோ. கெடுவதும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான். திறந்த மஸ்காராவும் திரவ ஐலைனரும் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். திரவ ஃபவுண்டேஷன் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். லிப்ஸ்டிக் ஒன்று, இரண்டு வருடம். பவுடர் வகைகள் உலர்வாக இருந்தால் இரண்டு வருடமும் அதற்கு மேலும் வரும்.

பொதியின் பின்புறத்தில் மூடி திறந்த சிறிய டப்பாவின் படமும் அதன்மேல் 6 எம், 12 எம், 24 எம் என்று ஒரு குறியும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி 30 மாதத்துக்கு மேல் நிலைக்கக்கூடிய பொருளுக்கு காலாவதித் திகதி போட வேண்டிய கட்டாயம் இல்லை, இந்தக் குறி இருந்தால் போதும். ஆகவே திகதி இல்லாத பொதியைப் பார்த்து "இது கெடாது" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பலரும் விழுகிற பள்ளம் இது.

பவுடர் தட்டுகளைப் பார்க்கும்போது கைபேசி டார்ச்சை நேரே மேலிருந்து அடிக்காமல், தட்டோடு தட்டாகப் படுக்க வைத்துச் சாய்வாக அடியுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் மெல்லிய ரோமம் போல நிழல் விழும், அல்லது ஓரங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வழவழப்பாக, கண்ணாடி மாதிரி மின்னுகிற இறுகிய பகுதி பூஞ்சணம் அல்ல. அது விரலிலிருந்தும் பிரஷ்ஷிலிருந்தும் ஏறிய எண்ணெய். செலோடேப்பை ஒட்டி உரித்தால் அந்தப் படலம் வந்துவிடும், கீழே உள்ள பவுடர் நன்றாகவே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பொருட்களை வீசுகிறவர்களும் உண்டு, கெட்டதை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பூஞ்சணம் என்று உறுதியானால் மேலே சுரண்டிவிட்டுப் பயன்படுத்த நினைக்காதீர்கள். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மேலே தெளிப்பது அன்றாடச் சுத்தத்துக்கு உதவும், உள்ளே இறங்கிய பூஞ்சணத்துக்கு உதவாது.

லிப்ஸ்டிக்கின் மேல் பனித்துளி போல எண்ணெய் முத்துக்கள் நின்றால் பயப்பட வேண்டாம். பகலும் இரவும் வெப்பம் மாறி மாறி வருவதால் அப்படி நேரும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும். பழைய எண்ணெய் வாடை வந்தால்தான் அதன் காலம் முடிந்தது.

வீசுவதை ஓடையில் கொட்டாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். கடதாசியில் சுற்றிக் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.

3. ஒரு கொப்பி போடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள், இதுதான் எல்லாவற்றையும் காப்பாற்றும். நீளமான சி.ஆர். கொப்பி ஒன்று போதும். பொருளின் பெயர், நிற எண், யார் கொடுத்தது அல்லது எங்கே வாங்கியது, விலை, தொகுதி எண், திறந்த திகதி, முடியும் திகதி என்று கட்டம் போடுங்கள். திறந்த அன்றைக்கே சிறிய வெள்ளைச் சீட்டில் திகதியை எழுதிப் பொருளின் அடியில் ஒட்டுங்கள். ஈரத்தில் சாதாரண மை கரைந்துவிடும், அழியாத மார்க்கரால் எழுதுங்கள்.

பற்றுச்சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் தனியே வையுங்கள். அச்சு மங்கும் ரகப் பற்றுச்சீட்டை வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள், சில மாதங்களில் அது வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். போலிப் பொருள், காலாவதியான பொருள், குறித்த விலைக்கு மேல் விற்றது என்று முறையிட வேண்டி வந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற எண்ணை அழைக்கலாம். கையில் பற்றுச்சீட்டும் தொகுதி எண்ணும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும், இல்லாவிட்டால் உங்கள் சொல்லுக்கும் கடைக்காரர் சொல்லுக்கும் இடையிலேயே அது நின்றுவிடும்.

4. இருக்கும் வீட்டுக்கு ஏற்ற இடம்

வெளிச் சுவரோடு ஒட்டி அலுமாரியை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். ஒரு சாண் இடைவெளி விட்டு, தரையிலிருந்தும் இரண்டு செங்கல் உயரம் தூக்கி வையுங்கள். தகரக் கூரை வீடானால் விடியற்காலையில் தகரத்தின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும், அதனால் அலுமாரியின் உச்சியில் எதையும் திறந்து வைக்கக் கூடாது. லயத்து வீடுகளில் விறகு அடுப்பின் புகை வேறு. அந்தக் கரி எண்ணெய்ப் பசையோடு மூடிகளின் மரைகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பவுடரில் வாடையும் ஏறும். அடுப்பு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூலையைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பின் சூடு ஈரத்தைப் போக்கும் என்று பக்கத்திலேயே வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கியூடெக்ஸும் அதை அழிக்கும் திரவமும் வாசனைத் திரவியமும் சட்டென்று தீப்பற்றக் கூடியவை.

பெட்டிக்குப் பணம் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. பெரிய பிஸ்கட் டின்கள் பவுடர் வகைகளுக்கு அருமையானவை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் காற்று புகாது. டின்னின் விளிம்பு துருப்பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் இழுப்பறைத் தட்டு ஒன்று நான் வாங்கியபோது மூவாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் தட்டுகள் பார்வைக்கு அழகு, ஆனால் மேலே திறந்தவை. காட்சிக்கு வைக்கும் சிலவற்றுக்கு மட்டும் அவற்றை வாங்குங்கள்.

செலவழிக்க வேண்டியது சிலிக்கா ஜெல்லுக்கு. ஈரம் ஏறினால் நிறம் மாறும் ரகத்தை, கெமரா சாமான்கள் விற்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறுவது நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் ரகத்தில் கோபால்ட் உப்பு உண்டு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் மணிகளைத் தட்டில் கொட்டி அவனில் 110, 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதற்கு வேலை வரும். அரிசியை முடிச்சுக் கட்டி வைப்பது பலன் தராது. அது இழுக்கும் ஈரம் மிகக் குறைவு, தூசியும் வண்டும்தான் மிச்சம். முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நிம்மதி. 65, 70ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாக அர்த்தம்.

5. பிரஷ் கழுவுவதற்கு வெயிலைக் கேளுங்கள்

கீழ்நாட்டில் காலையில் கழுவினால் மாலையில் காய்ந்துவிடும். இங்கே தடித்த பவுடர் பிரஷ் காய இரண்டு நாளாவது ஆகும். காயாத பிரஷ்ஷைப் பையில் போட்டால் அடிமயிரில் பூஞ்சணம் பிடித்து, அடுத்த நாள் அதுவே எல்லாத் தட்டுகளுக்கும் பரவும். வெயில் தெரியும் நாளின் காலையில் குழந்தைகளுக்கான ஷாம்புவும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். பிடியையும் மயிரையும் இணைக்கும் உலோக வளையத்துக்குள் நீர் இறங்கவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பசை விட்டுவிடும். மயிர் கீழே தொங்கும்படி நூலில் கட்டி, காற்றோட்டமான ஜன்னலருகே தொங்கவிடுங்கள். மழை தொடர்ந்தால் கழுவ வேண்டாம். பாமசியில் வாங்கிய ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அதன்மேல் பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்துத் துடைத்துவிட்டு, அடுத்த வெயில்வரை சமாளிக்கலாம்.

6. கீழிருந்து கொண்டுவந்த போத்தலை மெதுவாகத் திறங்கள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் மூடப்பட்ட போத்தலுக்குள் இருக்கும் காற்று, இங்கே வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடியது. அதனால் சொட்டுக்குழாய் போத்தலும் குழாய்ப் பொதியும் திறந்த கணத்தில் பொங்கி வழியும். நிமிர்த்தி வைத்து, மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, காற்றுப் போன பிறகு முழுதும் திறங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் கட்டினால் மற்றவை தப்பும்.

குளிரில் கிரீம் ஒப்பனை இறுகிப்போய் முகத்தில் திட்டுத்திட்டாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் உறையும் காலை நேரத்தில் கிரீமும் அப்படித்தான் இருக்கும். புறங்கையில் எடுத்து விரலால் தேய்த்துச் சூடேற்றிய பிறகு பூசுங்கள். வெந்நீரில் போத்தலை இறக்க வேண்டாம், கலவை பிரிந்துவிடும்.

7. வாங்கும்போதும் பார்சல் வரும்போதும்

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். உள்ளே என்ன, எத்தனை, என்ன விலை என்று ஒரு பட்டியல் எழுதிப் பெட்டிக்குள் ஒன்றும் உங்கள் கைபேசிக்கு ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் டசன் கணக்கில் வேண்டாம். அப்படி வந்தால் சொந்தப் பாவனைக்கு என்று சுங்கத்தில் விளக்குவது கடினம். கியூடெக்ஸ், வாசனைத் திரவியம், தெளிப்பான் டின் ஆகியவற்றை விமானத் தபாலில் போட வேண்டாம். தீப்பற்றும் பொருட்களுக்கு அதில் அனுமதியில்லை, பெட்டி முழுவதுமே தடைப்படலாம். அறிவித்தல் கிடைத்ததும் தேசிய அடையாள அட்டையும் பட்டியலும் எடுத்துக்கொண்டு போங்கள். வரி விதிக்கப்பட்டால் கட்டுவதற்குக் கையில் காசும் வேண்டும்.

உள்ளூரில் வாங்கும்போது இறக்குமதியாளர் பெயரும் விலையும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தையிலும் பஸ் நிலையத்துப் பக்கத்திலும் மலிவாகக் கிடைக்கும் "சில நாளில் வெளுப்பு" கிரீம்களைச் சேகரிப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது தோலோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். வீட்டில் பாலூட்டும் தாய் இருந்தால் ஆபத்து குழந்தைக்கும் உண்டு. மூலப்பொருள் பட்டியலில் மெர்க்குரி, கலோமெல் என்று ஏதாவது இருந்தாலோ பட்டியலே இல்லாவிட்டாலோ தொடாதீர்கள். வளைகுடாவிலிருந்து வரும், கண்ணுக்கு மை போல இடும் சுர்மா தூளும் அதே மாதிரி. அதில் ஈயம் இருக்கக்கூடும். குப்பி அழகாக இருக்கிறது என்றால் தூளை அகற்றிவிட்டுக் குப்பியை மட்டும் காட்சிக்கு வையுங்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு ஒருபோதும் இடாதீர்கள்.

8. மாதத் தட்டு

நூறு லிப்ஸ்டிக் இருந்தும் மூன்றையே மாற்றி மாற்றிப் போடுவது சேகரிப்பாளர் எல்லோருக்கும் நேர்வது. மாத முதல் ஞாயிறன்று ஒரு சிறிய தட்டில் பத்துப் பொருட்களை மட்டும் எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வையுங்கள். அந்த மாதம் அவற்றோடுதான். முடியும் திகதி நெருங்கியவற்றைக் கொப்பியைப் பார்த்து முதலில் எடுங்கள். மீதியை அன்றைக்கு ஒருமுறை திறந்து காற்றாட விட்டு மூடிவிடுங்கள். மஸ்காரா ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே திறந்திருக்கட்டும். தைப்பொங்கல், தீபாவளி, கோயில் தேர் வரும் மாதங்களில் மினுமினுப்பும் அடர்ந்த சிவப்பும் தட்டுக்கு வரட்டும். வேலை நாட்களில் அணிய வாய்ப்பே இல்லாத நிறமா? மழை நாளில் வீட்டில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். யாரும் பார்க்காவிட்டாலும் அது உங்கள் மகிழ்ச்சிதானே.

9. காட்டுவது: ஷோகேஸ், நிறக் கொப்பி, படம்

நம் வீடுகளில் தேநீர்க் கோப்பைகளும் பொம்மைகளும் வைத்த ஷோகேஸ் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதில் ஒரு தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவோடு கொஞ்சம் பேரம் பேச வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் அடுக்கினால் கடை போலாகிவிடும். அழகான பொதிகள், காலியான பழைய குப்பிகள், சித்தி முதன்முதலில் அனுப்பிய டப்பா என்று பதினைந்து, இருபது போதும். ஜன்னல் வெயில் படும் பக்கம் வேண்டாம். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் புறஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும் என்பார்கள். குளிர்கிறதே என்று நாம் கவனிப்பதில்லை, ஆனால் இளஞ்சிவப்பு வகைகள் சீக்கிரம் வெளிறிவிடும்.

உண்மையில் சேகரிப்பைக் காட்டுவது நிறக் கொப்பிதான். தடித்த வெள்ளைச் சித்திரக் கொப்பியில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு அங்குலக் கீற்றாகப் பூசி, கீழே பெயரும் எண்ணும் எழுதுங்கள். லிப்ஸ்டிக் கீற்றின் மேல் பவுடரைத் தட்டி, எண்ணெய்த் தாளை இடையில் வைத்தால் அடுத்த பக்கத்தில் ஒட்டாது. பக்கத்திலேயே உங்கள் முன்கையில் பூசிய படத்தையும் ஒட்டுங்கள். காகிதத்தில் பளீரென்று தெரியும் பழுப்பு நம் மாநிறத்தில் காணாமல் போகும். வெளிறித் தெரிந்த கத்தரிப்பூ நிறம் கறுத்த தோலில் அப்படியே எழுந்து நிற்கும். தங்கையின் கை, மதினியின் கை என்று மூன்று விதமான தோலில் பூசிப் படம் எடுத்தால், கொப்பியைப் பார்க்கிறவர்கள் தங்கள் நிறத்தை அதில் கண்டுகொள்வார்கள்.

படம் எடுக்கக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, லேசான மேகம் இருந்தால் மிக நல்லது. வெளிச்சம் எங்கும் சமமாக விழும். மூடுபனி அடர்ந்தால் படம் நீலம் பாய்ந்துவிடும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை கைபேசியில் நிறத்தைச் சரிசெய்யுங்கள்.

10. ஆட்களை அழைப்பது

போயா விடுமுறை நாளின் காலை இதற்கு வசதி. ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே பஞ்சுக் குச்சி ஒரு கட்டு, ஒருமுறை பாவிக்கும் மஸ்காராக் குச்சிகள், ஒரு சிறிய கரண்டி, ஆல்கஹால், டிஷ்யூ எல்லாம் எடுத்து வையுங்கள். லிப்ஸ்டிக்கை யாரும் நேரே உதட்டில் வைக்கக் கூடாது. கரண்டியால் சுரண்டித் தட்டில் வைத்து, குச்சியால் பூச வேண்டும். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் கிருமி லிப்ஸ்டிக் வழியாகவும், கண்நோய் மஸ்காரா வழியாகவும் பரவக்கூடியவை. கண்மைப் பென்சிலை ஒவ்வொருவருக்கும் முன் சீவுங்கள். புதிய பொருளை முகத்தில் இடுமுன் முழங்கை மடிப்பில் பூசிப் பார்ப்பது நல்லது. "நமக்குள் என்ன" என்று சொல்லும் அக்காமார் நிச்சயம் இருப்பார்கள். முகம் சுளிக்காமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல், குச்சியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ காட்ட ஆசையிருந்தால், திகதி, நேரம், எத்தனை பேர், மின்சாரம் வேண்டுமா என்பதை எழுதி, இரண்டு மூன்று வாரம் முந்தியே பொறுப்பாளரிடம் கடிதம் கொடுத்து, அனுமதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நிறக் கொப்பியும் காலிக் குப்பிகளும் மட்டும் போகட்டும், பாவிக்கும் பொருட்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பணம் வாங்கி அலங்காரம் செய்யத் தொடங்கினால் அது வேறு விஷயம். முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லோரும் போன பிறகு அன்றைக்கே செய்ய வேண்டியவை சில. குச்சி பட்ட தட்டுகளின் மேற்பரப்பில் ஆல்கஹால் தெளித்து, அரை மணி நேரமாவது திறந்து காயவிட்டு மூடுங்கள். அன்று புதிதாகத் திறந்தவற்றுக்கு அடிச்சீட்டு ஒட்டி, கொப்பியில் திகதி எழுதுங்கள். மூடிகளை எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு எப்போதும் கதிரைக்கடியில் கிடக்கும். பல மணி நேரம் திறந்திருந்த பெட்டிகளுக்குள் புதிதாகச் சூடேற்றிய சிலிக்கா ஜெல் பையைப் போட்டு மூடிவிடுங்கள்.